ஈறு ஆறட்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள குருவிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குட்டியும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நான் இருக்க முடிந்த அளவுக்கு இருக்கிறேன். உன் அத்தான் பள்ளிப் பேருந்தை ஓட்டிவிட்டு வந்து வீட்டிலும் ஹாரன் அடிக்கிற குரலிலேயே பேசுகிறார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் நான் திட்டுவேன், நீ மூக்கை உறிஞ்சுவாய், பேச வந்த விஷயம் அப்படியே நிற்கும். தவிர, டயாலிசிஸ் நாற்காலியில் இடது கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டால் வலது கைக்கு வேலையில்லை. தையல்காரியின் கைக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் டாக்டர் அறையில் யாரும் கேட்பதற்கு முன்பே நீ எழுந்து நின்று, "என்னோடத எடுத்துக்கோங்க டாக்டர், எனக்குத்தான் ரெண்டு இருக்குல்ல" என்றாய். ரத்தம் பொருந்தியது, மற்ற சோதனைகளும் பொருந்தின. இனி தேதி குறிக்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது என் வாய் குறுக்கே வந்து நிற்கிறது. வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி என்று அத்தான் சொல்கிறார்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தருவார்களாம். அந்தச் சமயத்தில் வாயில் சீழோ புண்ணோ இருந்தால் உடம்பெல்லாம் பரவிவிடுமாம். அதனால் வாய் சுத்தம் என்று பல் டாக்டர் சொன்னால்தான் ஆபரேஷன். அந்தம்மா என் வாயைப் பார்த்தார். ஈறு வீங்கி, தொட்ட இடமெல்லாம் ரத்தம். காலையும் இரவும் பல் விளக்குகிறவள் நான். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் புரிந்துகொண்டு சொன்னார்:

"இது உங்க சோம்பேறித்தனம் இல்லம்மா. எல்லார் வாயிலயும் ஈறோரமா கிருமி குடியிருக்கும். சாதுவும் இருக்கும், ரவுடியும் இருக்கும். கிட்னி கெட்டா எச்சில்ல யூரியா ஏறும், எச்சிலே குறைஞ்சும் போகும். வாய் மாறினா குடித்தனமும் மாறலாம். சாது காலி பண்ணிட்டுப் போயிடும், ரவுடி ஈறுக்கு அடியில வந்து உக்காந்துக்கும். எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல. உங்களுக்கு ஆகியிருக்கு."

அதாவது, ஈறு ஆறினால்தான் சிறுநீரகம் கிடைக்கும், சிறுநீரகம் கிடைத்தால்தான் ஈறு ஒழுங்காக ஆறும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. இருந்தாலும் சுத்தம் செய்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி ஒரு வழிக்குக் கொண்டுவரலாம் என்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இப்போது அது உன்னுடையது மட்டும் இல்லை.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, தெரிந்துகொண்டே கேட்பதால்.

உன் கடிதத்தைக் கிரேன் கேபினில் வைத்துப் படித்தேன். கீழே கப்பலிலிருந்து பெட்டி இறக்க லாரிகள் வரிசையில் நிற்கின்றன, மேலே நான் ஈறுக் கிருமியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வயர்லெஸ்ஸில் மேஸ்திரி, "மேல தூங்குறியா, இல்ல கூடு கட்டுறியா?" என்று கத்தினார். குருவி என்ற பேரை நீ வீட்டோடு வைத்திருக்கக் கூடாதா? நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வழியனுப்ப வந்தபோது நீ கூப்பிட்டதைக் கேட்டுத் துறைமுகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

அக்கா, நான் தயார். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பல் டாக்டரை அவசரப்படுத்தாதே. அரைகுறையாக ஆறிய ஈறோடு போய் ஆபரேஷன் டேபிளில் படுத்தால் வினையாகிவிடும். எவ்வளவு நாள் ஆனாலும் சரி, முழுசாக ஆறட்டும். ஒவ்வொரு முறையும் அவர் என்ன சொன்னார் என்று விவரமாக எழுது. நான் தயார் என்பதை மட்டும் மறக்காதே.

இவளும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அவள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அத்தைக்கும் விழுகிறது என்று சொன்னேன், சிரிக்கிறாள்.

பாசத்துடன்,
தம்பி


மார்ச் 11

அன்புள்ள குருவிக்கு,

குட்டிக்குப் புதுப்பல் முளைத்ததா? அவளுக்கு விழுந்தால் முளைக்கும், எனக்கு விழுந்தால் போனதுதான் என்று அவளிடம் சொல்.

பல் டாக்டரம்மா ஈறுக்கு அடியில் கம்பியை விட்டுச் சுரண்டுகிறார். டயாலிசிஸுக்கு மறுநாள்தான் வரச் சொல்கிறார். அன்றைக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து போடுவதால் உடனே கை வைத்தால் நிற்காதாம். பல்லில் ஒட்டியிருந்த காரையைப் பெயர்த்து ஒரு துணியில் வைத்துக் காட்டினார். பழைய சுவரை இடித்த மாதிரி இருந்தது. கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கியாயிற்று.

உன்னிடம் சொல்வதற்கென்ன, வலிகூடப் பெரிதில்லை, நாற்றம்தான். யூரியாவைக் கிருமி உடைத்து அமோனியா ஆக்குகிறதாம். வாய்க்குள் ஒரு பொதுக் கழிப்பறை. துணி அளவெடுக்க வருகிறவர்களிடம் மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிறேன். அத்தான் இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். "முதுகு வலிக்குது, அதான்" என்கிறார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. அவரைத் திரும்ப வைப்பது என் வாய்தான் என்று எனக்குக் குற்றவுணர்வாக இருக்கிறது.

ஆனால் நல்ல செய்தி. இப்படியே போனால் அடுத்த மாதக் கடைசியில் ஆறிவிடும் என்கிறார் டாக்டரம்மா. நீ லீவுக்குச் சொல்லிவைத்துவிட்டாயா? எனக்கு இப்போதெல்லாம் ஆசை வந்துவிட்டது, குருவி. ஒரு சொம்புத் தண்ணீரை அளக்காமல் குடிக்க வேண்டும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். குட்டிக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு ஷிப்ட் மாற்றம், அப்புறம் என்னவோ. இப்போது எல்லோரும் நலம். நீ தெம்பாக இருக்கிறாயா?

லீவு இன்னும் சொல்லவில்லை. ஜூனில் கிரேன்களுக்கு ஆய்வு வருகிறது. அதற்குள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எப்படியும் ஈறு சரியாக வேண்டுமே.

உன்னைச் சிரிக்க வைக்க ஒன்று சொல்கிறேன். போன வாரம் துறைமுகத்தில் வருஷாந்திர உடல் பரிசோதனை. ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினார்கள், அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தால் தரையில் கிடக்கிறேன். எண்பது கிலோ குருவியை நாலு பேர் தூக்கிப் பெஞ்சில் போட்டார்களாம். மயக்கத்திலும் இரண்டு கையாலும் விலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேனாம், விலக்கப் பார்த்தும் விடவில்லையாம். "பர்ஸை அங்க வச்சிருக்கியாடா?" என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பெட்டி தூக்குகிறவன் இத்தனூண்டு ஊசிக்கு விழுந்தால் கேலி செய்யாமல் என்ன செய்வார்கள்.

மற்றபடி நான் தயார்தான். டாக்டரம்மா என்ன சொல்கிறார் என்று எழுது.

தம்பி


மே 2

அன்புள்ள குருவிக்கு,

உன் கதையைப் படித்துவிட்டு நாற்காலியில் சிரித்தேன். நர்ஸ் வந்து மெஷினைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம்தான் என்னை. குட்டிக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி.

ஈறு இன்னும் ஆறவில்லை. டாக்டரம்மா போன மாதம் ஆறும் என்றுதான் சொன்னார். ஆனால் ரவுடிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேலே துடைத்தால் கீழே போய் ஒளிந்துகொள்கிறார்களாம், காற்றே இல்லாத இடத்திலும் குடித்தனம் பண்ணுவார்களாம். இடது பக்கம் நன்றாக இருந்தால் வலது பக்கம் தொல்லை, வலது பக்கம் பார்த்தால் இடது. இன்னும் சில மாதம் ஆகலாம். நீ லீவு சொல்லாததும் நல்லதாகப் போயிற்று. உன் ஆய்வு வேலையை நிம்மதியாகப் பார். இதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

வேறு விசேஷம் இல்லை. பள்ளிச் சீருடைத் துணி வந்து குவிந்திருக்கிறது.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். நாங்கள் மிக நலம். நீ எதற்கும் கவலைப்படாதே. ஈறு விஷயம் அப்படித்தான், ஆற வேண்டிய நேரத்தில்தான் ஆறும். இத்துடன் மெத்தென்ற பிரஷ் அரை டஜனும் வாய் கொப்பளிக்கிற மருந்தும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நம் ஊர்க் கடையில் கிடைக்கிறதை விட நல்லது.

நேற்று இவளையும் குட்டியையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகப் பசித்தது. ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம். குட்டி ஒரு பாட்டுப் பாடினாள், அத்தைக்குப் பாடிக் காட்ட வேண்டுமாம். கிரேன் ஆய்வுக்கு மேஸ்திரி என்னைத்தான் முன்னால் நிறுத்தப் போகிறார்.

அத்தானுக்கு என் வணக்கம். அடிக்கடி எழுது, ஈறு எப்படி என்று.

தம்பி


ஆகஸ்ட் 6

மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? தங்கச்சியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லவும். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. ஸ்டீயரிங் பிடித்த கை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

போன செவ்வாய் எனக்குப் பல்வலி. உங்கள் அக்கா போகிற பல் டாக்டரிடமே போனேன். பார்த்து முடித்ததும், "உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா? ஏப்ரல்லயே வாய் சுத்தம்னு நான் சொல்லிட்டேனே. அதுக்கப்புறம் ஆளையே காணோமே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்: "அவன் பயப்படுறான். பயந்தவன் வயித்தக் கிழிச்சு எடுத்து நான் என்ன வாழப்போறேன்?"

உங்களுக்குப் பொய் எழுதினாள், எனக்குப் பொய் சொன்னாள். நானும் நம்பிவிட்டேன், மாப்பிள்ளை. தினமும் பக்கத்தில் படுக்கிறவன், ஈறு எப்படி இருக்கிறது என்று வாயைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேனே.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவள் இளைத்துக்கொண்டே போகிறாள். கையில் டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடமும் அடைத்துக்கொள்கிறது. என்னுடையது பொருந்தாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். உங்களுடையது மட்டும்தான் இருக்கிறது. தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

இப்படிக்கு,
அத்தான்


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அத்தான் கடிதம் வந்தது. எனக்கு எதுவும் தெரியாது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்குத் தெரியும் அக்கா. ஏப்ரல் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து, ஆபரேஷன் ஏற்பாடுகளைக் கவனிக்கிற ஒருங்கிணைப்பாளர் அம்மா எனக்குப் போன் செய்தார். "உங்க அக்காவுக்கு வாய் க்ளியர் ஆயிடுச்சு சார், நீங்க எப்ப வர்றீங்க?" என்றார். நான் கேபினில் இருந்தேன். கொக்கியில் பெட்டி தொங்குகிறது. "அக்கா எழுதட்டும், அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். கொஞ்ச நாளில் உன் கடிதம் வந்தது, ஈறு ஆறவில்லை என்று. பொய் என்று அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நான் உன்னைக் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பிரஷ் வாங்கினேன். கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றேன். அதற்கப்புறமும் மாதம் தவறாமல் ஈறு எப்படி என்று கேட்டு எழுதினேன், நீயும் மாதம் தவறாமல் இன்னும் இல்லை என்று எழுதினாய்.

இவள் தடுத்தாள், வேலை போய்விடும், குழந்தை இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். எதுவும் உண்மையில்லை. இவள் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. நீ எடுக்கிற முடிவு என்று விட்டுவிட்டாள். பயம்தான், அக்கா. வெறும் பயம். டிசம்பரில் டாக்டர் அறையில் எழுந்து நின்றபோது எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பார்வைக்காக வாயை விட்டுவிட்டேன்.

செப்டம்பர் கடைசி வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிறேன்.

தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள குருவிக்கு,

இங்கே அத்தான் சுகம். அங்கே குட்டி சுகம்தானே. நம் இரண்டு பேரைப் பற்றி என்ன கேட்பது.

உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா உனக்குப் போன் பேசிய கையோடு என் நாற்காலிக்குத்தான் வந்தார். "உங்க தம்பி, அக்கா எழுதட்டும்னு சொல்லிட்டாரும்மா" என்றார். நீ விலாவைப் பிடித்துக்கொண்டு கிடந்த கதையை அதற்கு முந்தைய டயாலிசிஸில்தான் படித்திருந்தேன். சரி, நானே எழுதிவிடுகிறேன் என்று எழுதினேன்.

தம்பிக்காக விட்டுக்கொடுத்தேன் என்று அத்தானிடம் காட்டிக்கொண்டேன். அது பாதிப் பொய். எனக்குக் கோபம். நீயாக ஒரு வரி, "அக்கா, உண்மையாகவே ஆறவில்லையா?" என்று கேட்பாய் என்று ஒவ்வொரு தபாலுக்கும் காத்திருந்தேன். நீ பிரஷ் அனுப்பினாய். அதைப் பிரிக்கவே இல்லை. பிடிவாதத்தில் பல் டாக்டரிடமும் போகவில்லை. ஆறின ஈறை அப்படியே விட்டுவிட்டேன். யாரைத் தண்டிக்க அப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அதன் பலன் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், பழைய சர்டிபிகேட் செல்லாது, மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். நேற்றுப் பார்த்தார்கள். கீழ்த்தாடையில் சீழ்க்கட்டி, ஈறு முழுக்கப் பழையபடி. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சுத்தம் பண்ணதோட முடிஞ்சிடாதும்மா, கிட்னி அப்படியேதானே இருக்கு. விட்டா மறுபடி வந்து உக்காந்துக்கும்னு சொன்னேன்ல." நான் மாதக்கணக்கில் எழுதிய பொய் நிஜமாகிவிட்டது, குருவி. லீவைத் தள்ளிப் போடு. இப்போது வராதே.

அக்கா


செப்டம்பர் 17

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? காய்ச்சல் இருக்கிறதா?

உன் கடிதத்தில் வராதே என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த வரி படிப்பதற்குள் அழுதுவிட்டேன், ஆனால் முதலில் வந்தது அதுதான். எப்படிப்பட்டவனுக்காக நீ காத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தம்பி


நவம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். சீழ் வடிந்து காய்ச்சல் விட்டுவிட்டது. உனக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது.

டாக்டரம்மா, "மிச்சம் இருக்கிற பல்லைக் காப்பாத்தலாம்மா, ஆறு மாசம் குடுங்க" என்றார். நான் யோசித்தேன். ஆறு மாதம் என்றால் மறுபடி நீ எழுதுவாய், நான் எழுதுவேன், ஈறு எப்படி, இன்னும் இல்லை என்று. நம் இரண்டு பேருக்கும் ஒளிந்துகொள்ள அதுதான் இடமாக இருந்தது, அந்தக் கிருமிகளுக்கு இருந்த மாதிரியே. "எல்லாத்தையும் எடுத்துருங்க" என்றேன். "நல்ல பல்லும் இருக்கே" என்றார். "தெரியும். எடுத்துருங்க" என்றேன். அத்தான் வெளியே நின்று அழுதார், கதவு வழியாகவே கேட்டது, அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே.

கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். இப்போது வாயில் ஒரு பல்லும் இல்லை. பல் இல்லாவிட்டால் அதைச் சுற்றி ஒளிய இடமும் இல்லை. ஈறு மூடி ஆறிவிட்டது. இந்த முறை அத்தானையே விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பேசினால் காற்றுதான் வருகிறது. அதனால் எழுதுவதே மேல்.

நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை. நீயாகச் சொன்னாய், நான் வாங்கிக்கொள்வதாக இருந்தேன். கேட்காமல் இருந்தது பெருந்தன்மை என்று நினைத்தேன். கேட்டு நீ இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அது. உனக்கு இருந்த அதே பயம்தான், வேறு சட்டை போட்டிருந்தது.

இப்போது கேட்கிறேன். எனக்கு வாழ ஆசை. உன் சிறுநீரகம் எனக்கு வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று எழுது, நீ என் தம்பி இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் ஈறைக் கேட்காதே. அது ஆறிவிட்டது.

வருவதாக இருந்தால் தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதே. பயந்துகொண்டே வா.

அக்கா